கல்லுக்கு ஊர் எழுதியவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

தமிழ்நாட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை; கல்லைப் பற்றிய பேச்சுக்கும் பஞ்சமில்லை. கல்லில் தெய்வத்தைக் கண்டோம். மாண்ட வீரனுக்குக் கல் நட்டோம். கொடையையும் வரியையும் கோயிற் சுவர்களில் வெட்டி வைத்தோம். எழுத்தும் உருவமும் இல்லாத கல்லை மட்டும் பாதைக்கும் அடித்தளத்துக்கும் என்று தள்ளிவிட்டோம். அவ்வாறு தள்ளப்பட்ட சரளையினின்றும் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது மனிதன் கைபட்ட பொருள், அதுவும் பழைய கற்காலத்து மனிதன் செய்த கருவி என்று இந்திய மண்ணில் முதன்முதலாகத் தெளிந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் அதைத் தெளிந்த இடம் சென்னையை அடுத்த பல்லாவரம்.

கவிஞர்கள் கூடும் ஒரு வட்டத்தின் பத்தாண்டு மலரில் நிலவியல் அதிகாரி ஒருவருக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் விவிலியத்தைத் தமிழாக்கியவரும், பின்னர்ச் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்தியவரும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874ஆம் ஆண்டில் அச்சிட்டவருமான பீட்டர் பெர்சிவல் பாதிரியாரை நம் அன்பர்கள் அறிவார்கள். அவருடைய மகள் எலிசபெத் ஆன் என்பாரே ஃபூட்டின் முதல் மனைவி. மாமனார் ஊர்மக்களின் வாயில் கிடந்த பழமொழிகளைத் திரட்டினார். மருமகன் அதே ஊர்களின் வாய்க்கால் ஓரங்களில் கிடந்த கற்களைத் திரட்டினார். இருவரும் பொருட்படுத்தியவை அக்காலத்துக் கற்றோர் பொருட்படுத்தாதவை.

ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். தாமஸ் ஓல்டாம் தலைமையில் 1851இல் நிறுவப்பட்டிருந்த அத்துறையின் தலையாய நோக்கம் நிலக்கரியும் கனிமமும் கிடைக்கும் இடங்களை அறிவது; அதற்காக நாட்டின் பாறைகளை எல்லாம் வரைபடத்தில் குறிப்பது. குளிர்காலம் முழுதும் கூடாரம், மாட்டுவண்டி, குதிரை, நடை. எஞ்சிய மாதங்களில் அலுவலகத்தில் அறிக்கை எழுதுதல். முப்பத்து மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. இப்பணியிலும் அவர் பெற்ற பெயர் சிறிதன்று. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் இலைத்தடம் பதிந்து கிடந்த பழந்தாவரப் படிவங்களை விவரித்தார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை 1883இல் நூலாக்கினார். கன்னட நாட்டின் பழம்பாறைகளுக்கு அவர் இட்ட தார்வார் என்னும் பெயர் இன்றும் நிலவியலில் வழங்குகிறது. பெல்காம் மாவட்டத்துக் கோகாக் அருகில் ஓடைக்கரைப் படிவில் அவர் கண்டெடுத்த எலும்புகள், அழிந்துபோன ஒரு காண்டாமிருக இனத்தின் எச்சங்களாக இருந்தன. அதனை 1874இல் தக்காணத்தின் பெயராலேயே விவரித்து வெளியிட்டார்.

திருப்பெரும்புதூரை அவர் எழுதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். சிப்பாய் வாயில் நுழைந்து வந்ததுபோல ஸ்ரீபெர்மாட்டூர் என்றே அச்சாகியிருக்கிறது. வீட்டிலேயே தமிழறிஞர் ஒருவர் மாமனாராக இருந்தும் இப்படி. ஊரின் பெயர் சிதைந்ததே ஒழிய, ஊர் மாறவில்லை என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். அதன் அருமை பின்னால் விளங்கும்.

அந்த நாட்களில் ஐரோப்பாவில் பெரிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பிரான்சில் சொம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரளைக்குழிகளில், அழிந்த விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று பூஷே த பெர்த் என்பவர் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தார். அறிஞர்கள் நம்ப மறுத்தனர். 1859இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச்சும் ஈவான்சும் நேரிற் சென்று பார்த்து, அவர் சொன்னது மெய் என்று ஒப்பினர். மனித குலத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற பழைய கணக்கு அத்துடன் ஆட்டங்கண்டது. இச்செய்திகளைப் படித்த ஃபூட்டின் உள்ளத்தில் எழுந்த வினா எளியது: சொம் ஆற்றங்கரையில் மனிதன் இருந்தான் என்றால், பாலாற்றங்கரையில் ஏன் இருந்திருக்கக்கூடாது? அன்று இவ்வினாவை எழுப்பவும் துணிவு வேண்டியிருந்தது. இந்தியாவின் பழமை என்றால் வடமொழி நூல்களிலிருந்து தொடங்குவது என்பதே கற்றோரின் வழக்கமாக இருந்தது.

அக்கினி நட்சத்திர வெயில் தணிந்தும் தணியாத 1863 மே 30ஆம் நாள், பல்லாவரத்துப் படைமைதானத்தை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டியிருந்த ஒரு குழியில், செம்பூரான்கல் சரளையிடையே ஒரு கருவியை அவர் கண்டார். அது குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல்லாலான கைக்கோடரி வகையைச் சேர்ந்தது.

ஒரு கல்லைக் கருவி என்று எப்படி அறிவது? வெறும் ஊகமன்று அது. ஆற்றில் உருண்ட கூழாங்கல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மழுங்கியிருக்கும். மனிதன் அக்கல்லை மற்றொரு கல்லால் விளிம்பில் ஓங்கித் தட்டும்போது, தட்டிய புள்ளியிலிருந்து சிப்பி விரிவதுபோல ஒரு சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் உட்குழிந்த வடு நிற்கும். ஒரு வடு தற்செயலாக வரலாம். இரு முகத்திலும் மாறிமாறி, விளிம்பை நோக்கியே, ஒரு முனை கூராகவும் மறுமுனை கைக்கு அடங்கும்படி பருத்தும் வரும் வகையில் இருபது வடுக்கள் தற்செயலாக விழமாட்டா. அங்கே ஒரு கருத்து இருந்திருக்கிறது. தட்டுவதற்கு முன்பே வடிவம் மனத்தில் இருந்திருக்கிறது. சொற்களைத் தட்டித்தட்டி வடிவம் காண்போர்க்கு இதனை விரிக்க வேண்டியதில்லை.

ஒற்றைக் கல்லைக் கொண்டு வழக்கை வெல்ல முடியாது என்பதை ஃபூட் நன்கு அறிந்திருந்தார். நான்கு மாதங்களில், செப்டம்பர் 28ஆம் நாள், தம் துறைத் தோழர் வில்லியம் கிங்கோடு சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார். கொற்றலை ஆற்றின் பக்கத்தில், மழைநீர் அரித்த ஓடைகளில் கருவிகள் ஒன்றிரண்டல்ல, குவியலாகவே கிடந்தன. அருகிலுள்ள அல்லிக்குழி மலைகளில் குவார்ட்சைட் உருளைகள் ஏராளம்; கருவி செய்தோருக்கு மூலப்பொருள் அங்கிருந்தே கிடைத்தது. குடியம் குகைகளையும் அவர் பார்வையிட்டார். இக்கண்டுபிடிப்புகளைப் பற்றிய அவர் கட்டுரை 1866இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில், கிங்கின் பின்னிணைப்போடு வெளியாயிற்று. 1868இல் இலண்டன் நிலவியற் கழகத்தின் இதழிலும் தென்னிந்தியக் கற்கருவிகளின் பரவலைப் பற்றி எழுதினார். கிங்கின் பெயரை நாம் மறந்துவிட்டோம், அது முறையன்று. அவர்களோடு நடந்த வண்டியோட்டிகளும் கூலியாட்களும் பெயரே இன்றி வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றனர், அதுவும் முறையன்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாறைகளை வரைபடத்தில் குறிப்பது ஃபூட்டுக்கு வேலை. அதற்குச் சம்பளம் உண்டு. கற்கருவி திரட்டுவதோ விருப்பம். பணி முடிந்த மாலையிலும், ஒரு முகாமிலிருந்து மறு முகாமுக்குப் போகும் வழியிலும், கண்ணைத் தரையில் பதித்து நடந்த நடையின் பயன் அது. பல்லாவரம் தொடங்கி நாற்பது ஆண்டுகள் இந்த விருப்பம் தளரவில்லை. கடப்பை, கர்னூல், பெல்லாரி, சேலம், திருநெல்வேலி, மைசூர், பரோடா என நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் திரட்டினார். கைக்கோடரி மட்டுமன்று, மெருகிட்ட கற்கோடரி, நுண்கற்சில்லு, அரைகல், பானையோடு, சங்குவளைத் துண்டு, மணி, இரும்புத் துண்டு எல்லாம். செய்து முடித்த அழகிய பொருளோடு, செய்யும்போது உடைந்து எறியப்பட்ட கழிவுச் சில்லையும் எடுத்துவைத்தார். காட்சிக்கு அழகானதை மட்டும் பொறுக்குவோர்க்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியும். கழிவு இருக்கும் இடமே தொழிற்கூடம். பெல்லாரியை அடுத்த குப்கல் மலையில், கரும்பாறைச் சுவரை ஒட்டிச் செய்தும் செய்யாமலும் கிடந்த கோடரிகளையும் சில்லுகளையும் கண்டுதான், அது புதிய கற்காலத்தின் பெரிய கற்கோடரித் தொழிற்கூடம் என்று அவர் உணர்ந்தார்.

அந்தப் பெல்லாரிப் பகுதியிலேயே சாம்பல் மேடுகள் உண்டு. அரக்கனைக் கொன்று எரித்த சாம்பல் என்று ஊரார் கதை சொல்வர். எரிமலைச் சாம்பலோ, உலைக்களத்துக் கழிவோ என்று அறிஞர் ஐயுற்றனர். புதிய கற்கால மக்கள் மாடுகளை அடைத்த இடங்களில் குவிந்த சாணம் எரிந்த சாம்பலே அது என்னும் முடிவின் பக்கம் ஃபூட் நின்றார். 1950களில் ஆல்சின் உட்னூரில் அகழ்ந்தபோது, பட்டிகளின் கால்தடங்களும் மாட்டுக் குளம்படிகளும் வெளிப்பட்டு, அக்கருத்து உறுதியாயிற்று.

கர்னூல் மாவட்டத்துப் பில்ல சுர்க்கம் குகைகளின் கதை சிறிது வேறு. ஹக்ஸ்லி என்னும் பெரும் உயிரியலறிஞர் ஆளுநர் கிராண்ட் டஃபுக்குத் தந்த யோசனையின் பேரில் அக்குகைகளை ஆராயும் பொறுப்பு ஃபூட்டுக்கு வந்தது. 1884ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும், பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த அவர் மகன் ஹென்றியும் குகைத்தளத்தை அகழ்ந்து, அழிந்த விலங்குகளின் எலும்புகளையும், கருவிகள் என்று தாம் கருதிய எலும்புத் துண்டுகளையும் எடுத்தனர். அத்துண்டுகளைப் பற்றி அறிஞரிடையே பின்னர் ஐயம் எழுந்ததுண்டு. குகை அகழ்வு அவருக்கு அரசு இட்ட பணி. திறந்த வெளியில் தாமே தேடிக் கண்டவற்றிலேதான் அவர் கண் கூர்மையாக இருந்தது என்பது என் எண்ணம்.

1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா சமஸ்தானத்துக்கும் பின்னர் மைசூருக்கும் பணியாற்றினார். பரோடாவில் இருந்தபோது சபர்மதி ஆற்றின் சரளையில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்தன. புதிய கற்கால எச்சங்களோ ஆற்றின் உயர்ந்த கரைமேல் கிடந்தன. இரண்டுக்கும் இடையே பல அடி உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அத்தனை மண் படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும்! ஆகவே பழைய கற்கால மனிதன் மறைந்து, நெடுங்காலம் நாடு ஆளின்றிக் கிடந்து, பிறகே புதிய கற்கால மனிதன் வந்தான் என்று ஃபூட் முடிவு கட்டினார். அம்முடிவு நிலைக்கவில்லை. இடைப்பட்ட காலத்திலும் மனிதர் வாழ்ந்தனர். சிறிய சில்லுக் கருவிகளைச் செய்தனர். இதில் வியப்பு என்னவென்றால், அந்த இடைக்காலக் கருவிகள் ஃபூட்டின் பெட்டியிலேயே இருந்தன. திருநெல்வேலித் தேரி மணலில், சாயர்புரத்தில், அவரே பொறுக்கியவை அவை. அவற்றின் பொருளைச் சாய்னரும் ஆல்சினும் 1956இல் எடுத்துரைத்தனர். அவ்வாறே, கடற்கரைப் பக்கத்துச் செம்பூரான்கல் படிவுகள் கடலடியில் உண்டானவை என்ற அவர் கருத்தையும் பின்வந்தோர் கைவிட்டனர்.

கருத்துப் பிழைத்தது, ஆனால் சேகரம் பிழைக்கவில்லை. ஏன்? ஒவ்வொரு பொருளோடும் அது கிடைத்த இடத்தை அவர் குறித்தார். எந்த மாவட்டம், எந்த ஊர், ஊருக்கு எந்தத் திசை, ஆற்றின் எக்கரை, மேற்பரப்பிலா சரளைக்குள்ளா என்பன எண்ணோடு சேர்ந்து நின்றன. கல்லின் மதிப்பு கல்லில் பாதி, அது கிடந்த இடத்தில் பாதி. இடம் தெரியாத கைக்கோடரி அலமாரிக்கு அழகு செய்யலாம், வேறெதுவும் செய்யாது. இன்று ஓய்வு நாட்களில் ஆற்றங்கரையும் மலையடிவாரமும் சென்று கற்களும் படிவங்களும் திரட்டுவோர் பலர் இருக்கின்றனர். நல்ல பொழுதுபோக்குத்தான். அவர்கள் சுத்தியலுக்கு முன்னால் குறிப்பேட்டைக் கொண்டு செல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கற்கருவியாக இருந்தால் எடுக்கவே வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறையினருக்குச் சொல்வதே மேல். ஃபூட்டின் காலத்தில் அகழாய்வு முறை வளரவில்லை. அவர் மேற்பரப்பிலிருந்து அள்ளியவற்றின் அடுக்கு வரிசை நமக்குக் கிட்டாமலே போயிற்று. அக்குறை அவர் காலத்தின் குறை. அதையே நம் காலத்திலும் தொடர்வதற்கு நியாயம் இல்லை.

1904இல் அவருடைய சேகரம் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. இலண்டனுக்கோ வேறு நகருக்கோ கப்பலேறியிருந்தால் அக்காலத்தில் கேட்பார் இருந்திரார். எத்தனையோ அரும்பொருள்கள் அவ்வாறு போயின. இவை எழும்பூரில் தங்கின. முதுமையில் அவர் ஏற்காட்டில் வாழ்ந்துகொண்டு இச்சேகரத்துக்கு விளக்க அட்டவணை எழுதினார். ஊர் ஊராக, எண் எண்ணாக எழுதிய அந்நூல் அச்சில் வருவதைக் காண அவர் இருக்கவில்லை. 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அட்டவணை 1914இலும், கருவிகளின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் அருங்காட்சியக வெளியீடுகளாக வந்தன.

அதன்பின் அத்திரம்பாக்கத்துக்குச் சென்றோர் பலர். 1930களில் கிருஷ்ணசாமியும் பேட்டர்சனும், 1960களில் பானர்ஜியும் அங்கே ஆராய்ந்தனர். சென்னையின் பெயராலேயே ஒரு கைக்கோடரி மரபு தொல்லியல் நூல்களில் இடம்பெற்றது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அவ்விடத்தை அடுக்கு அடுக்காக அகழ்ந்தனர். ஆழத்துக் களிமண் படிவிலும் கைக்கோடரிகள் இருந்தன. அவற்றின் வயதைக் கணக்கிட்ட முறை அழகியது. வெளியே கிடக்கும் கல்லின் மீது விண்வெளிக் கதிர்கள் படும்போது அதன் படிகத்துள் சில அரிய அணுக்கள் உண்டாகும். கல் மண்ணில் ஆழப் புதைந்தபின் அவை வெவ்வேறு விரைவில் தேயும். எஞ்சியவற்றின் விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் புலப்படும். பிற்காலத்தான் ஒருவன் வெட்டும் எழுத்து இல்லாமலே, கல் தன் காலத்தைத் தன்னுள் வைத்திருந்தது. 2011இல் வெளியான முடிவின்படி, அக்கருவிகள் குறைந்தது 10 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை. சராசரிக் கணக்கில் 15 இலட்சம் ஆண்டுகள். அதே இடத்தில், மேலடுக்குகளில், கைக்கோடரியைக் கைவிட்டுச் சிறு சில்லுக் கருவிகளுக்கு மாறிய கட்டம் ஏறத்தாழ 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018இல் அறிவித்தனர். பாலாற்றங்கரையில் மனிதன் ஏன் இருந்திருக்கக்கூடாது என்று கேட்ட ஃபூட்கூட இத்தனை இலட்சங்களை நினைத்திருக்க மாட்டார்.

அத்திரம்பாக்கம், குடியம் பகுதிகளில் கிடைத்த கருவிகளைப் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அமைத்த அகழ்வைப்பகத்தில் காணலாம். பூண்டி நீர்த்தேக்கத்துக்குச் செல்வோர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெர்சிவல் பாதிரியார் 1882இல் மறைந்ததும் ஏற்காட்டிலேதான். அங்கே மூவொருமைத் தேவாலய வளாகத்தில் ஃபூட்டின் நினைவுச்சின்னம் உள்ளது. கோடையில் மலையேறும் நம் வட்டத்து அன்பர்கள் ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல் அதனையும் பார்த்து வருவார்களாக.